கோடிட்ட இடம்

'கஸின்' என்ற இங்கிலீஷ் வார்த்தையைப் போல ஒரு சோம்பேறி வார்த்தையை நான் பார்த்ததில்லை. அத்தை பிள்ளையும் அதுதான், மாமா பிள்ளையும் அதுதான். பெரியப்பா பிள்ளை, சித்தி பெண் எல்லாம் அதுதான். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாது. மூத்தவரா இளையவரா என்று கேட்டால் வாயைத் திறக்காது. எங்கள் வீடுகளில் ஒருவர் வாசலில் வந்து நின்றால், அவருக்கு முன்னால் எந்தப் பெண் வந்து நின்று பேசலாம், எந்தப் பெண் உள்ளே போய்விட வேண்டும் என்பதை அவருடைய உறவுப் பெயரே சொல்லிவிடும். அந்த வார்த்தை எதையும் சொல்லாது. எத்தனையோ பக்கங்களில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரே ஒரு பக்கத்தில் தடுக்கினேன். தடுக்கியது நான், விழுந்தது என் தங்கை.

முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நான் தினமும் டிராம் ஏறிப் பாரிமுனைப் பக்கம் ஒரு ஆபீஸுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அப்பா வக்கீல். பெரிய வக்கீல் என்று சொல்ல முடியாது, ஆனால் தெருவில் அவர் நடந்து போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருப்பார்கள். அதற்காகவே அவர் சில நாள் குளத்தைச் சுற்றிக்கொண்டு போவார் என்று நான் அம்மாவிடம் கேலி செய்வதுண்டு.

அந்தக் காலத்தில்தான் அடையாறில் ஒரு வெள்ளைக்காரர் குடும்பம் ஊரோடு போகிறதென்று வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஒரு எழுத்து மேஜை வாங்கப் போனேன். மேஜை வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது பச்சைத் துணி அட்டை போட்ட இரண்டு புத்தகங்கள். ஒரு அமெரிக்கரின் சிறுகதைத் தொகுதிகள். உள்ளே பட்டியலைப் பார்த்தால் மூன்று தொகுதி இருக்க வேண்டும். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு பட்லர் வந்தார்.

"இன்னா சாமி தேடுற? அந்தப் பச்சை பொஸ்தகமா? அதைத் தொரைசானி கப்பல்ல படிக்கறதுக்கு எட்த்துக்கினு பூட்டாங்க" என்றார்.

போனால் போகிறது, இரண்டு போதும் என்று நினைத்தேன்.

அந்த அமெரிக்கரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டவனுக்கு இப்போது எழுத என்ன யோக்யதை?

பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். எல்லாக் கதைகளும் அந்த ஊரிலேயே நடக்கும். ஒரு கதையில் கடை வைத்திருந்தவர் இன்னொரு கதையில் சவ ஊர்வலத்தில் நடந்து போவார். யாருக்கும் நல்லது நடக்காது, ஆனால் யாரும் அழவும் மாட்டார்கள். நம் பத்திரிகைக் கதைகளில் அப்போது அழாத ஆளே கிடையாது. பத்து வரிக்கு ஒருதரம் கண்ணீர் தாரை தாரையாக ஓடும். அதையே படித்துப் பழகியவனுக்கு இந்த மனிதர் அடிமடியில் கைவைத்த மாதிரி இருந்தது. மயிலாப்பூரில் டிராம் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப நடந்து வந்திருக்கிறேன்.

என் தங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பன்னிரண்டில் கல்யாணம், பதினான்கில் எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை கும்பகோணத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதே விஷக் காய்ச்சலில் போய்விட்டார். அவரோடு இவள் ஒரு நாளும் குடித்தனம் செய்ததில்லை. அவர் முகமே சரியாக நினைவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவளுக்குத் தலைமயிர் இருந்தது. தான் இருக்கிறவரைக்கும் அவள் தலையில் கத்தி படாது என்று அப்பா சொல்லியிருந்தார். தெருவில் அதற்கே பேச்சு உண்டு. காவேரிக்கரை கிராமத்திலிருந்து அவளுடைய மாமனார் மாதம் தவறாமல் ஒரு கார்டு போடுவார்: பெண்ணைக் கொண்டுவந்து விடவும், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு இங்கேயே ஒரு வேளைச் சாதத்தோடு அவள் காலத்தைக் கழிக்கட்டும். அப்பா கார்டைப் படித்துவிட்டு பதில் போடமாட்டார்.

கார்டு நிற்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. அவள் ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போய்விட வேண்டும். வேலையில் இருக்கிற பெண்ணை யாரும் கிராமத்துக்கு அழைத்துக்கொண்டு போக முடியாது. இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தானுக்கு வந்தது.

அத்தான் என்றால் காலஞ்சென்ற என் அத்தையின் பிள்ளை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்த சமயம், அங்கே குடியேறியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியெல்லாம் செம்புழுதியோடு வருவார். வாசலில் நின்று இரண்டுதரம் இருமுவார். மூன்றாவது இருமல் கிடையாது, ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார். தங்கை சிலேட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வருவாள். அம்மா அரிவாள்மணையோடு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். வட்டிக் கணக்கு, பின்னம், கொஞ்சம் இங்கிலீஷ். அவர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் எனக்குக் கொட்டாவி வரும். மனிதருக்குச் சிரிக்கவே தெரியாது. ஆனால் மூன்று வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் வந்து, அவளை வீட்டிலிருந்தபடியே எட்டாவது பரீட்சை எழுதவைத்துத் தேறவும் செய்துவிட்டார். பயிற்சி வகுப்புக்கு விண்ணப்பத் தாளையும் அவர்தான் வாங்கி வந்தார். தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார். அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்து, வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்குப் போட்டுத் தருகிறேன் என்று தாளைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறன்றுதான் என் கதை வெளிவந்தது.

என் கதை என்று இப்போதும் கை எழுதிவிடுகிறது, பாருங்கள்.

அப்போதெல்லாம் வெளிநாட்டுக் கதையைத் தமிழில் போடுவதென்றால் தழுவல்தான். வெள்ளைக்காரருக்கு வேட்டி கட்டிவிடுவது, மாதா கோயிலைப் பிள்ளையார் கோயிலாக்குவது, ரொட்டியை இட்டிலியாக்குவது. மேலே தழுவல் என்று போட்டு, மூல ஆசிரியர் பெயரைச் சின்ன எழுத்தில் கீழே போடுவார்கள். போடாமலும் விடுவார்கள். நான் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ஒரு நோட்டில் கிறுக்குவேன். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும், அச்சாபீஸ்காரர்கள் திட்டுவார்கள். அதனால் தங்கைதான் வெள்ளைத் தாளில் முத்துமுத்தாக எழுதிக் கொடுப்பாள். அப்படி எட்டு ஒன்பது கதைகள் அவள் கையால் போயின. ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது, அமெரிக்கர் பெயரும் கிடையாது. என் பெயர் மட்டும் இருக்கும்.

எழுதுவதற்கு முன்னால் கதையை நான் அவளுக்கு வாயால் சொல்வேன். அவள் கேட்கிற கேள்விகள் என் கதையறிவுக்கெல்லாம் எட்டாதவை. பனி கொட்டுகிற ஊரில் புடவை எப்படிக் காயும் என்பாள். இந்த ஊரில் இத்தனை பேர் செத்துப் போகிறார்களே, சாப்பாடு போடுவது யார் என்பாள்.

இந்தக் கதையைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிற்றூரில் ஒரு இளம் விதவை. அவளுக்கு ஒரு கஸின். வியாழக்கிழமைதோறும் வந்து, குளிர்காலத்துக்கு வேண்டிய விறகைப் பிளந்து அடுக்கி வைத்துவிட்டு, அவள் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறான். இருவரும் பேசிக்கொள்வதுகூடக் கிடையாது. ஒரு வியாழக்கிழமை அவன் கதவைத் தட்டுவதற்கு முன்பே அவள் இரண்டாவது கோப்பையை மேஜையில் எடுத்து வைத்துவிடுகிறாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிடுகிறாள். ஊர் பேசுகிறது. அவன் வருவதை நிறுத்திவிடுகிறான். அவள் மட்டும் வியாழக்கிழமையானால் இரண்டு கோப்பை எடுத்து வைக்கிறாள். அவ்வளவுதான் கதை.

தங்கை, "அவளைத் தலைமயிரை எடுத்துக்கச் சொல்லி யாருமே சொல்லலையா?" என்று கேட்டாள்.

"அந்த ஊர்ல அந்த வழக்கமே கிடையாது."

"அப்போ அவ எதுக்குப் பயந்துண்டு ஆத்துக்குள்ளயே உட்கார்ந்திருக்கா?"

அது அமெரிக்கருக்கே தெரிந்திருக்காது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன்.

தழுவ உட்கார்ந்தேன். பனியை ஐப்பசி மழையாக்கினேன். வியாழன் ஞாயிறு ஆயிற்று. காப்பிக்கு மட்டும் ஒரு மாற்றமும் தேவைப்படவில்லை. விறகு பிளப்பது சரிப்படவில்லை, அதற்குப் பதிலாக அவன் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான் என்று வைத்தேன். கதவைத் தட்டுகிற இடத்தில் மாட்டிக்கொண்டேன். பகலில் மயிலாப்பூரில் எந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது தட்டுவதற்கு? வருகிறவன் வாசலில் நின்று இரண்டுதரம் இருமுகிறான் என்று எழுதினேன். எழுதியவுடன் கதைக்கு உயிர் வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் எங்கள் கிணற்றடியில் உடைந்திருந்த படியையும், செம்புழுதி படிந்த வேட்டியையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணெதிரே கிடந்ததை எடுத்துப் போட்டேன். யாருடையது என்று யோசிக்கவில்லை. இதை இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரியும். நானே சில நாள் நம்புவதில்லை.

கஸினை என்ன செய்வது? அதுதான் பாக்கி. அம்மாஞ்சி என்று போட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்களில் மாமா பிள்ளைக்கும் அதே பெயர், அசடுக்கும் அதே பெயர். அண்ணா என்று போட்டால் ஊர் பேசுவதற்கு என்ன இருக்கிறது, கதையே போச்சு என்று நினைத்தேன். அத்தான் என்று போடவும் கை வரவில்லை. ஆக, அந்த உறவு வருகிற இடத்திலெல்லாம் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டு நோட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டிராமுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியே. அவள் நோட்டோடு வந்தாள்.

"அண்ணா, இங்கெல்லாம் கோடு போட்டு விட்டிருக்கியே, என்ன உறவுன்னு எழுதறது?"

"உனக்கு எது பொருத்தமாத் தோணறதோ அதைப் போட்டுக்கோ. சாயங்காலம் தபால்ல சேர்த்துடு."

இந்த இரண்டு வாக்கியங்களை நான் சொன்னேன். சொல்லிவிட்டு டிராமைப் பிடித்துவிட்டேன்.

பத்திரிகாசிரியரிடமிருந்து நான்காம் நாளே கடிதம் வந்தது. இதுவரை நான் அனுப்பியதிலெல்லாம் இங்கிலீஷ் வாடை அடித்ததாம், இதில்தான் மயிலாப்பூர் மணக்கிறதாம். "இது தங்கள் சொந்தக் கற்பனைதானே?" என்று கேட்டிருந்தார். ஆம் என்று எழுதினேன். ஒரு கார்டில் ஒரு வார்த்தை. முதல் பக்கத்தில் படம் போட்டு வெளியிட்டார். கொட்டை எழுத்தில் என் பெயர். ஞாயிறன்று கடைக்குப் போய் நின்றபடியே படித்தேன். கோடு இழுத்த இடத்திலெல்லாம் 'அத்தான்' என்று இருந்தது. ஒரு கணம் திக்கென்றது. பிறகு படத்துக்குக் கீழே என் பெயரைப் பார்த்தேன், அது மறந்துவிட்டது.

அன்றும் அத்தான் வந்தார், இருமினார், கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கதையெல்லாம் படிக்கிறவரல்ல.

திங்கட்கிழமை கோர்ட்டில் வக்கீல்கள் உட்காருகிற அறையில் ஒருவர் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "என்ன ஓய், உம்ம பிள்ளையாண்டான் ஆத்து சமாசாரத்தை அப்படியே அச்சுல ஏத்திப்பிட்டானே!" அப்பாவுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மடித்து விண்ணப்பத் தாளின் மேல் வைத்தார். செவ்வாயன்று அம்மா குளக்கரையில் இரண்டு பெண்கள் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள் என்று சொல்லி அழுதாள். புதனன்று அத்தானிடமிருந்து கார்டு வந்தது. குடும்பத்தில் உடம்பு சரியில்லாதபடியால் இனி ஞாயிறுகளில் வர இயலாது, க்ஷமிக்கவும், பின்னம் முழுதும் முடித்தாகிவிட்டது, தசாம்சம் மட்டும் பாக்கி.

நான் தழுவிய கதை என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. கதையில் வருவதுபோல எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது டம்ளரை எடுத்து வைக்கவில்லை. தங்கை சமையலறையை விட்டு வெளியே வருவதை நிறுத்தினாள். மேஜையில் பத்திரிகைக்கு அடியில் விண்ணப்பத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. போகும்போதும் வரும்போதும் அவள் அதை ஒரு பார்வை பார்ப்பாள்.

திங்கட்கிழமை மாலையே எனக்குத் தெரியும், செய்ய வேண்டியது ஒன்றுதான். பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய், இது எங்கள் வீட்டுக் கதையில்லை, யாரோ அமெரிக்கர் எழுதியது, நான் திருடினேன் என்று சொல்ல வேண்டும். பத்திரிகைக்கும் அப்படியே எழுதிப்போட வேண்டும். தெரு வாயை மூடிக்கொள்ளும். என் பெயர் நாறும். நாறட்டுமே. ஆனால் செவ்வாயன்று பத்திரிகாசிரியர் இன்னொரு கடிதம் போட்டிருந்தார்: என் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகமாக வெளியிட ஆசைப்படுகிறாராம். எனக்கென்று ஒரு சிறுகதைத் தொகுதி! அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புதன், வியாழன் இரண்டு நாளும் டிராமில் போய்வந்தேன். தானாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதுவும் தானாக அடங்கவில்லை. வியாழக்கிழமைத் தபாலில் கிராமத்திலிருந்து மாமனாரின் கார்டு வந்தது. இந்த முறை மாதத்துக்கு நடுவிலேயே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. அப்பா கையெழுத்துப் போடுவதாகச் சொன்ன நாள். அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். பேனா மூடி திறக்கவில்லை. அம்மா தூண் ஓரமாக நின்றாள். தங்கை சமையலறை நிலைப்படியில் நின்றாள். நான் புத்தகத்தையும் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அப்பா, இதைப் பாருங்கோ. இது நம்மாத்துக் கதையே இல்லை. அமெரிக்காக்காரன் எழுதினது. நான் எடுத்துத் தமிழ்ல பண்ணினேன். அவ்வளவுதான்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தஸ்தாவேஜு படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். முடித்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதை நான் பார்த்தேன். இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த நிமிஷம் அவர் பேனாவைத் தொட்டார்.

பிறகு வக்கீல் புத்தி குறுக்கே வந்தது.

"கஸின்னுதானேடா போட்டிருக்கான். அத்தான்னு எங்கே போட்டிருக்கான்?"

நான் நோட்டைத் திறந்து காட்டினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நான் அத்தான்னு எழுதவே இல்லைப்பா. பாருங்கோ, கோடு போட்டு இடம் விட்டிருக்கேன்."

"அப்போ நிரப்பினது யாரு?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய். எத்தனையோ பொய் சொன்ன வாய். அல்லது முழு உண்மையைச் சொல்லியிருக்கலாம்: நான்தான் அவளை எது தோன்றுகிறதோ அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், ஒரு கால் செருப்பில் இருந்தது, டிராமுக்கு நேரமாகிவிட்டது.

"அவதான்" என்றேன்.

அப்பா தங்கையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். 'நீதானே போட்டுக்கச் சொன்னே' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தெருவுல பேசற பேச்சுன்னா பதர் மாதிரி புடைச்சு எறிஞ்சிடுவேன். அவ கையாலேயே எழுதியிருக்காளே" என்றார் அப்பா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. விண்ணப்பத் தாளை எடுத்து நாலாக மடித்தார். கிழிக்கவில்லை. மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு, ஒரு கார்டை எடுத்து, மாமனாருக்கு முதல்முறையாகப் பதில் எழுத உட்கார்ந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் வாசலில் ஜட்கா வந்து நின்றது. அம்மா அழுது ஓய்ந்து படுத்துவிட்டாள். அப்பா முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். தங்கையிடம் ஒரு தகரப் பெட்டி. சிலேட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஞாபகமறதியா, வேண்டாமென்று விட்டாளா, தெரியாது. தலையை வாரி இறுக்கிப் பின்னியிருந்தாள். அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம் வாரினாள் என்று எனக்குப் புரிந்தபோது அவள் வாசற்படி இறங்கிவிட்டிருந்தாள்.

"இன்னா சாமி, குந்தியாச்சா? எயும்பூர்ல வண்டி கெளம்பிடும், நேரம் ஆய்க்கினே கீது" என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார்.

"போயிட்டு வரேண்ணா" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஜாக்கிரதை என்றோ, கடிதம் போடு என்றோ சொல்லியிருப்பேன்.

என் தொகுதி வெளிவரவில்லை. நான் நல்லவனாகி நிறுத்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அச்சாபீஸுக்குப் படிக்கும்படியாக எழுதிக் கொடுக்க ஆளில்லை. நானே எழுதி அனுப்பிய கதைகளைப் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பினார். மயிலாப்பூர் வாடையே இல்லையாம். அத்தான் எங்கள் வீட்டுப் பக்கம் அதற்குப் பிறகு வரவில்லை. ஒருநாள் சைதாப்பேட்டை ரயிலடியில் எதிரே வந்தார். என்னைக் கண்டதும் இரண்டுதரம் இருமிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மூன்று நான்கு வருஷம் இப்படியே போயிற்று. தங்கையிடமிருந்து வருகிற கார்டுகளில் மழை, அறுவடை, மாமியாருக்கு மூட்டுவலி என்பதைத் தவிர எதுவும் இருக்காது. பின்னர் ஒருநாள் தியாகராய நகரில் பழைய புத்தகக் குவியல் ஒன்றில் அந்தப் பச்சைத் துணி அட்டையைப் பார்த்தேன். மூன்றாவது தொகுதி. துரைசானி கப்பலில் எடுத்துக்கொண்டு போன அதே பிரதியாக இருக்க முடியாது, ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. நின்றபடியே புரட்டினேன். அதே ஊர், அதே மனிதர்கள். ஒரு கதையில் ஊர்க் கல்லறைத் தோட்டம் வருகிறது. இரண்டு கிழவர்களின் கல்லறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கூடப்பிறந்தவர்கள். மூத்தவருடைய மகன்தான் விறகு அடுக்குகிற அந்த மனிதன். இளையவருடைய மகள்தான் அந்த விதவை.

பெரியப்பா பிள்ளை.

வீட்டுக்கு ஓடிவந்து முதல் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். அதிலேயே இருந்தது. அவளுடைய அப்பாவின் பழைய கடைப் பலகையில் எழுதியிருந்த பெயரும், அந்தக் கஸின் பெயரின் பின்பாதியும் ஒன்று. எந்த வெள்ளைக்காரக் குழந்தைக்கும் அதைப் பார்த்தவுடன் விளங்கியிருக்கும். நமக்குப் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அதனால் அந்தப் பின்பாதியை என் கண் படிக்கவே இல்லை. ஊர் பேசியதும் காதலைப் பற்றி இல்லை. இரண்டு கிழவர்களுக்கும் கடையில் பாகத்தகராறு, அதனால் இவன் அங்கே போகக்கூடாது என்று பேசினார்கள். எல்லாம் அங்கேயே எழுதியிருந்தது. அண்ணா என்று போட்டால் கதையே போச்சு என்று நான் நினைத்தேனே, அந்தக் கதையே அதுதான்.

அந்த வருஷம் அப்பா காலமானார். காரியத்துக்குத் தங்கையை அழைத்து வந்தார்கள். வாசலில் வண்டியிலிருந்து இறங்கிய உருவத்தை நான் யாரோ பாட்டி என்று நினைத்து விலகி நின்றேன். காவிப் புடவைத் தலைப்பு மொட்டைத் தலையை மூடியிருந்தது. "அண்ணா" என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது.

பதின்மூன்றாம் நாள் முடிந்து உறவினர்கள் போன மத்தியானம், அவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது தொகுதியை எடுத்து வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லறைகள், கடைப் பலகை, பெரியப்பா பிள்ளை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் அந்த நிமிஷத்திலும் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், மன்னிப்பு வாயில் வரவில்லை.

அவள் பழைய நாள் போலவே கவனமாகக் கேட்டாள். பனியைப் பற்றிக்கூட ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்படின்னா கோடு போட்ட இடத்துல அண்ணான்னுதானே எழுதியிருக்கணும்" என்றாள்.

"ஆமாம்."

கையிலிருந்த சொம்பைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். குத்திக்காட்டுகிறவள் குரல் இல்லை அது. கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று தேடுகிறவள் குரல்.

"எனக்கு அண்ணான்னு தோணவே இல்லை. அவன் அவளுக்கு அவ்வளவு ஒத்தாசை பண்ணிண்டிருந்தானே, அதான் அத்தான்னு எழுதிட்டேன்" என்றாள்.

சொம்பை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கிவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.